கேனிலிருந்து தொட்டிக்கு: சிறு விமானத்தில் சுத்தமாகப் பெட்ரோல் நிரப்பும் முறை

பெரிய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்புவது விமானியின் கவலைகளில் ஒன்றாக இருப்பதில்லை. எண்ணெய்க் கம்பெனியின் வண்டி வந்து நிற்கும். குழாயும் வடிகட்டியும் மின்னிணைப்புக் கம்பியும் அதிலேயே இருக்கும். வேலை தெரிந்த ஆட்கள் நிரப்பிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவிலோ ஐடஹோவிலோ அலாஸ்காவிலோ, மேய்ச்சல் நிலத்தின் ஓரத்துப் புல்தரையையே ஓடுபாதையாக்கிக்கொண்டு, ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பேர் அமரக்கூடிய சிறு விமானத்தை வைத்துப் பராமரித்துவரும் மனிதருக்கு இந்தச் சௌகரியங்களில் ஒன்றும் கிடையாது. அவர் தம் காரில் கேன்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பெட்ரோல் வாங்கி வந்து, தம் கையாலேயே தூக்கி ஊற்றிக்கொள்ள வேண்டியவர். இந்த அத்தியாயம் அவரை உத்தேசித்து எழுதப்படுவது.

இவ்வாறு டின்னிலிருந்து ஊற்றிக்கொள்வதைத் தரித்திரத்தின் அடையாளமாகக் கருதவேண்டியதில்லை. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் புறப்பட்டு, பம்பாய்க்குப் போகும் வழியில் அகமதாபாத்தில் இறங்கியபோது, பர்மா ஷெல் கம்பெனியின் பெட்ரோல் டின்கள் அவரிடம் மாட்டுவண்டியில்தான் வந்து சேர்ந்தன. டின்னில் தோஷமில்லை, டின்னைக் கையாளும் அவசரத்தில்தான் தோஷம் இருக்கிறது. அதிலும், அசுத்தம் பெரும்பாலும் விமானத்தின் அருகில் நேருவதில்லை என்பதும், வீட்டிலும் கடையிலும் வழியிலுமே அது கேனுக்குள் புகுந்துவிடுகிறது என்பதும், புனலானது முன்பே நாம் காட்டத் தவறிய ஜாக்கிரதைக்குக் கடைசிக் காவலேயொழிய முதற்காவல் அன்று என்பதும் இந்த அத்தியாயம் முழுவதிலும் வாசகர் மனத்தில் இருக்கவேண்டிய விஷயங்கள்.

திருஷ்டாந்தத்துக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பென்ஸில்வேனியாவில் லாக் ஹேவன் என்ற ஊரில் 1938 முதல் 1947 வரை ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட மஞ்சள் நிறமான பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் பெட்ரோல் தொட்டி இறக்கையில் இல்லை. எஞ்சினுக்கும் முன் ஆசனத்துக்கும் இடையே, முகப்புக் கண்ணாடிக்குச் சற்று முன்னால் அதன் வாய் இருக்கிறது. கொள்ளளவு 12 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ 45 லிட்டர். இருபது லிட்டர் கேன்கள் இரண்டும் கொஞ்சமும் போதும். அளவு காட்டும் கருவியோ, மூடியின் நடுவே துளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கம்பியும் அதன் அடியில் செருகிய கார்க் மிதவையுமே. பெட்ரோல் ஏற ஏறக் கம்பி வெளியே நீளும்; குறையக் குறைய உள்ளே இறங்கும். தரையில் நின்றபடியே ஊற்றிவிடலாம் என்பது இந்த அமைப்பின் அனுகூலம். சிந்தினால் அது ஒரு பக்கம் எஞ்சினை நோக்கியும் மறுபக்கம் கண்ணாடியை நோக்கியும் ஓடும் என்பது பிரதிகூலம்.

எந்தப் பெட்ரோல் என்ற கேள்வி அடுத்தது. இவ்விமானத்தின் 65 குதிரைச் சக்தியுள்ள கான்டினென்டல் எஞ்சின் 73 ஆக்டேன் பெட்ரோலுக்கென்று வகுக்கப்பட்டது. ஆகையால் நீல நிறமூட்டிய, லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலந்திருக்கக்கூடிய விமானப் பெட்ரோலைவிட, காருக்கு விற்கும் ஈயமற்ற பெட்ரோலே அதற்கு ஒத்துப்போகும் என்பது பலருடைய அநுபவம். 1982ல் பரிசோதனை விமானச் சங்கம் செஸ்னா 150 விமானத்துக்குக் கார் பெட்ரோல் உபயோகிக்கும் துணைச் சான்றிதழைப் பெற்றதிலிருந்து, இத்தகைய பழைய எஞ்சின்கள் பலவற்றுக்கும் அவ்வழி திறந்தது. உங்கள் விமானத்துக்கு அந்தச் சான்றிதழ் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முதல் கடமை. இரண்டாவது, அந்தப் பெட்ரோலில் எதனால் என்னும் சாராயச் சத்து கலவாதிருக்கவேண்டும். எதனால் தண்ணீரைத் தன்னுள் ஏற்று மறைத்து வைத்துக்கொள்ளும். பத்துச் சதவிகிதம் கலந்த பெட்ரோல் சாதாரண உஷ்ணநிலையில் சுமார் அரைச் சதவிகிதம் தண்ணீரைக் கரைத்து வைத்திருந்து, குளிர் ஏறும்போதோ தண்ணீர் இன்னும் சிறிது சேரும்போதோ, எதனாலையும் தண்ணீரையும் சேர்த்து அடியில் ஒரு படலமாகத் தள்ளிவிடும். அரக்கு பூசிய பழைய கார்க் மிதவையானால் அந்தப் பூச்சையும் சாராயச் சத்து கரைத்துவிடும். கடைக்காரர் சொல்லை நம்பவேண்டிய அவசியமில்லை. ஒடுங்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அதன் மட்டத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு, ஒன்பது பங்கு பெட்ரோல் சேர்த்து நன்றாகக் குலுக்கி நிறுத்திவையுங்கள். தண்ணீர் மட்டம் கோட்டிலேயே நின்றால் பெட்ரோல் சுத்தம். கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால், உயர்ந்த அளவு எதனாலுடையது.

இனி கேனைப் பற்றி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயர் நான்கு காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோய், பற்றுவைத்த மூலைகள் விட்டுப்போக, வழியிலேயே கணிசமான பங்கை மணலுக்குத் தாரைவார்த்தார்கள். ஜெர்மானியரிடமோ 1937லேயே உருவாகிவிட்ட இருபது லிட்டர் எஃகுக் கேன் இருந்தது. கைப்பற்றிய கேன்களைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் அதையே நகல் செய்து, எதிரிக்குத் தாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரால் ஜெர்ரிகேன் என்று அழைத்தார்கள். அந்தக் கேனின் நுட்பத்தைச் சற்று நின்று கவனிப்பது வீண்போகாது. இரண்டு பாதிகளை நடுவில் ஒரே தையலாகப் பற்றவைத்திருப்பதால் மூலைகளில் ஒழுக வழியில்லை. கைப்பிடிகள் மூன்றாக இருப்பதால் ஒருவர் தூக்கும்போது நடுப்பிடியையும், இருவர் தூக்கும்போது ஓரப்பிடிகளையும் பிடித்துக்கொள்ளலாம். காலிக் கேன்களானால் ஒரே கையில் இரண்டைக் கோத்துக்கொண்டு நடக்கலாம். மேலே காற்றுக்கென விடப்பட்டிருக்கும் குமிழ், வெயிலில் பெட்ரோல் விரிந்தாலும் கேன் வெடிக்காமல் காக்கிறது. கழுத்தினுள் ஒரு சிறு காற்றுக் குழல் செல்வதால், ஊற்றும்போது அது குபுக் குபுக்கென்று விக்குவதில்லை. நெம்புகோல் மூடியைத் திருகவேண்டியதில்லை. அழுத்தினால் இறுகும், கேனோடேயே இணைந்திருப்பதால் புல்லில் விழுந்து மண்ணை ஒட்டிக்கொண்டு வருவதுமில்லை.

பிளாஸ்டிக் கேன் இலேசானது, மலிவானது, துருப்பிடிக்காதது, இவ்வளவும் உண்மைதான். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது என்ற ஒரே குறை மற்ற குணங்களையெல்லாம் என் கணக்கில் தள்ளிவிடுகிறது. தவிரவும், 2009 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கேன்களின் மூக்குகள், ஆவி வெளியேறலாகாது என்ற சட்டத்துக்கிணங்கத் தானாக மூடிக்கொள்ளும் வில்லோடு வருகின்றன. சிந்தாமலிருக்கச் செய்த இந்த ஏற்பாடு, இரண்டு கையும் கேனைத் தாங்கிக்கொண்டிருக்கையில் மூன்றாவது கையொன்றைக் கேட்பதால், சிந்துவதற்கே அதிகமாக உதவுகிறது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் ஊற்றிப் பார்த்திருந்தால் அறிந்திருப்பார்கள். வாயினுள் தெரியும் தீத்தடுப்புச் சல்லடை வேறு விஷயம். அது வெளியே பற்றிய தீ கேனுக்குள் பாயாமல் தடுப்பதற்காக 2020ஆம் வருஷத்துச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. அதைப் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேரவேண்டாம். எந்தக் கேனாயினும் விமானத்துக்கென்று வாங்கியது விமானத்துக்கு மட்டுமே. டீசலோ மண்ணெண்ணெயோ ஒருமுறை ஊற்றிய கேனை எத்தனை அலசினாலும் திரும்ப இந்த வேலைக்குக் கொண்டுவரக் கூடாது.

கடையில் நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். லாரியின் சரக்குத் தளத்தில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பின் மீதோ காரின் கம்பளத்தின் மீதோ வைத்து நிரப்பியபோது, பெட்ரோலின் ஓட்டத்தால் கேனில் திரண்ட நிலைமின்சாரம் பூமிக்குப் போக வழியின்றிக் குழாய் மூக்குக்குப் பொறியாய்த் தாவித் தீப்பிடித்த விபத்துக்கள் நேர்ந்து, 1998ல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் அதைக் குறித்துத் தனியே எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. குழாய் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாக நிரப்புங்கள், வாய்முட்ட நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பாகை உஷ்ணத்துக்கும் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம் விரியும். காலைக் குளிரில் நிரப்பிய இருபது லிட்டர், பிற்பகலில் இருபது பாகை சூடேறினால் நானூறு மில்லி லிட்டர் அதிக இடம் கேட்கும்.

வீடு சேர்ந்ததும் கேனை ஆடாமல் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுப் பிறகு ஊற்றுவது உத்தமம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது; லிட்டருக்குப் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்க, தண்ணீர் ஒரு கிலோ. எனவே தண்ணீரும் துருவும் மண்ணும் அடியில் தங்கிவிடும். அலாஸ்காவில் தொலைவான ஓடுபாதைகளில் 55 காலன் பீப்பாய்களை முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பவர்கள், அவற்றை நிமிர்த்தி வைத்தால் மேல்தட்டில் மழைநீர் தேங்கி, இரவுக் குளிரில் பீப்பாய் சுருங்கும்போது அடைப்பின் ஓரமாக உள்ளே உறிஞ்சப்படும் என்பதை அறிந்து, படுக்கவைத்தோ சாய்த்தோதான் வைக்கிறார்கள். கேனுக்கும் அதே நியாயந்தான். கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

இப்போது விமானத்தின் பக்கத்தில் வருவோம். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், காந்த மின்பொறியின் சாவி அணைந்திருக்கவேண்டும், புகைப்பவர் யாரும் அருகில் இருக்கலாகாது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தரையாகத் தவழ்ந்து தூரம் போகும். காற்றில் அது நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே ஒரு பொறிக்குத் தயாராகிவிடுகிறது. நைலான் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பருத்திச் சட்டையோடு வாருங்கள். வறண்ட குளிர்காலத்தில் இது மிக முக்கியம். பிறகு, இரு முனையிலும் கவ்விகள் கொண்ட ஒரு செப்புக் கம்பியை எடுத்து, ஒரு முனையை விமானத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதி ஒன்றிலும்—ஆறிய புகைக்குழாய் இதற்கு ஏற்றது—மறுமுனையைக் கேனின் உலோகத்திலும் மாட்டுங்கள். இதை மூடிகளைத் திறப்பதற்கு முன்பே செய்யவேண்டும். கழற்றுவது மூடிகளை மூடிய பிறகே. பூமியில் இரும்பு முளை அடித்து அதோடும் இணைத்தால் நல்லதுதான். ஆயினும் முக்கியமானது பூமியன்று, கேனும் புனலும் விமானமும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான். அவை மூன்றும் ஒன்றையொன்று தொட்டிருக்கும்வரை பொறி தாவ இடமில்லை. பிளாஸ்டிக் கேனைத் தவிர வேறு கதியில்லாதவர், கம்பியால் அதை இணைத்துவிட்டோமென்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளாமல், உலோகப் புனலையேனும் விமானத்தோடு இணைத்து, மிகவும் நிதானமாக ஊற்றட்டும்.

பழைய விமானிகள் புனலில் ஷாமாய்த் தோலை விரித்து வடிகட்டினார்கள். உண்மையான தோல் பெட்ரோலை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் என்பது சரியே. ஆனால் கடையில் அப்பெயரால் விற்கும் செயற்கைத் துணி அப்படிச் செய்யாது, நல்ல தோலும் நாளாக நாளாகப் பிசிறு உதிர்க்கும், பெட்ரோல் அதனூடே ஓடுகையில் நிலைமின்சாரமும் பெருகும். இன்றைக்கு டெஃப்லான் பூசிய நுண்ணிய எஃகு வலை பொருத்திய, மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக்கால் செய்த புனல்கள் கிடைக்கின்றன. மிஸ்டர் ஃபனல் என்ற பெயருள்ளது பலரிடமும் இருக்கிறது. பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் அபிப்பிராயம். வாங்கியதும் விமானத்துக்குக் கொண்டுபோகாமல், ஒரு கண்ணாடி ஜாடியின் மீது அதை வைத்து, ஒரு லிட்டர் பெட்ரோலில் இரண்டு கரண்டி தண்ணீரைக் கலக்கி ஊற்றிப் பாருங்கள். பெட்ரோல் வலை வழியே இறங்கிவிட, தண்ணீர் உருண்டை உருண்டையாகப் புனலின் அடிக்குழியில் நின்றுவிடுவதைக் கண்ணால் கண்டால்தான் கருவியின் மீது நம்பிக்கை பிறக்கும்; அதன் எல்லையும் விளங்கும். ஏனெனில் பெட்ரோலில் கரைந்துபோன தண்ணீரையும் எதனால் மறைத்து வைத்த தண்ணீரையும் அந்த வலை பிடிக்காது. புனலை வீட்டில் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும் புனலில் சிலந்தி குடியேறுவதற்கு ஒரு வாரமும் ஆகாது.

மூடியைத் திறக்கும்போது, நமது பைப்பர் விமானமானால் கம்பியும் கார்க்கும் கூடவே வரும். அதைப் புல்லில் சாத்தாமல், ஒரு சுத்தமான துணியில் படுக்கவையுங்கள். கம்பி வளைந்தால் பின்னர் அது இடையில் சிக்கிக்கொண்டு, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். முகப்புக் கண்ணாடியின் மீது தடித்த துணி ஒன்றை மடித்துப் போடுங்கள். அக்ரிலிக்கில் பெட்ரோல் பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விட்டு ஒளி மங்கிப்போகும். பிறகு புனல் தொட்டி வாயின் விளிம்பைத் தொடும்படி வைத்து, ஊற்றத் தொடங்குங்கள்.

ஊற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீண்ட சதுர வடிவமான டின்னைச் சாய்க்கும்போது, அதன் வாய் கீழ் ஓரத்தில் வரும்படி பிடிப்பது புதியவர்களின் சுபாவம்; அப்போது வெளியேறும் பெட்ரோல் வாய் முழுவதையும் அடைத்துக்கொள்ள, உள்ளே காற்றுப் போக வழியின்றி, டின் விக்கி விக்கித் துப்பும். வாய் மேல் ஓரத்தில் இருக்கும்படி திருப்பிப் பிடித்துச் சாய்த்தால், வாயின் கீழ்ப்பாதியில் பெட்ரோல் ஒரே தாரையாக வழியவும் மேற்பாதியில் காற்று நுழையவும் இடமிருக்கும். தாரை நூல் பிடித்தாற்போல் இறங்கும். நிறைந்த கேன் கேனின் எடையையும் சேர்த்துப் பதினெட்டு இருபது கிலோ வரை இருக்கும் என்பதால், தோளுக்கு மேல் தூக்க முடியாதவர் பத்து லிட்டர்க் கேன்களை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கையில் தொட்டியுள்ள செஸ்னா போன்ற விமானங்களுக்கு உறுதியான ஏணியும் கீழிருந்து எடுத்துக்கொடுக்க ஒரு துணையும் வேண்டும்.

சிலர் கேனை உயரத்தில் வைத்து, அடியில் கண்ணாடிக் குண்டு வால்வு பொருத்திய ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு, மேலும் கீழும் நான்கைந்து முறை குலுக்கினால் தானாகவே பெட்ரோல் இறங்கத் தொடங்கும் அமைப்பை உபயோகிக்கிறார்கள். தோள் வலிக்காத நல்ல உபாயம் அது. குழாயின் முனை கேனின் அடியைத் தொடாதபடி இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்கச் செய்தால் மண்டியும் கேனிலேயே தங்கும். வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு வாய்ப் பெட்ரோல் நுரையீரலுக்குள் தவறிப் போனாலே உயிருக்கு ஆபத்து. விமானப் பெட்ரோலானால் ஈய விஷமும் அதோடு சேரும்.

எந்த முறையில் ஊற்றினாலும் கடைசிக் கால் லிட்டரை ஊற்றக் கூடாது. தெளிவை இறுத்து மண்டியை நிறுத்துகிற ரசப்பாத்திரத்தின் கணக்கே இதற்கும். அந்த மிச்சத்தை ஒரு கண்ணாடி ஜாடியில் கவிழ்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடியில் ஒரு துளி தண்ணீரோ செம்மண் நிறத்தில் துருவோ தென்பட்டால், அது கேனைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த செய்தி. அடுத்த முறைக்கு முன் அந்தக் கேனைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது தள்ளிவிடுங்கள்.

நிரப்பி முடித்து மூடியைப் போட்டு, கம்பி தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தபின், உடனே சுழல்விசிறியைத் தொடாமல் கால் மணி நேரமாவது பொறுத்திருங்கள். ஊற்றும்போது கலங்கிய தண்ணீர்த் துளிகள் அடியில் சேர அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு எஞ்சின் அறையின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தாராளமாகப் பிடித்துப் பாருங்கள். இங்கே ஒரு பொல்லாத மயக்கம் உண்டு: கிண்ணத்தில் தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்திருந்தால் நடுவில் கோடு தெரியும், கிண்ணம் முழுவதுமே தண்ணீராக இருந்தால் கோடே தெரியாது, தெளிவாகவும் இருக்கும். ஆகையால் முகர்ந்து பாருங்கள். ஒரு துளியைப் புறங்கையில் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் ஜில்லென்று உடனே மறையும், தண்ணீர் நிற்கும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுக் காய்ந்தபின் எண்ணெய்க் கறையாக வட்டம் தங்கினால், ஜெட் எரிபொருளோ டீசலோ கலந்திருக்கிறது என்று பொருள். அன்றைய பிரயாணம் அத்துடன் முடிந்தது. வடித்த பெட்ரோலைப் புல்லில் வீசாமல் அதற்கென்று வைத்த டின்னில் சேருங்கள்.

புறப்படுமுன் தரையில் சில நிமிஷங்கள் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் இந்த வேலையின் பகுதியே. கார்புரேட்டர்க் கிண்ணத்திலும் குழாயிலும் பழைய பெட்ரோல் மிச்சம் இருப்பதால், தொட்டியில் தண்ணீர் புகுந்திருந்தாலும் எஞ்சின் சமர்த்தாகத் தொடங்கி, ஓடுபாதையின் கோடி வரை ஓடி, மரங்களுக்கு மேலே ஏறும் சமயம் பார்த்து நின்றுவிடும்.

ஆகமொத்தம் விமானத்தில் கம்பியை மாட்டியது முதல் எஞ்சினைச் சோதித்தது வரை முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு அவகாசம் இல்லாத நாளில் கேனைத் திறக்கவே வேண்டாம். மணிக்குப் பதினைந்து லிட்டர் குடிக்கும் இவ்விமானத்தில், பகலில் அரைமணி நேரப் பறப்புக்குரிய இருப்பை மிச்சம் வைக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதற்கான எட்டு லிட்டரைத் தொட்டியில் இருப்பதிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சியதற்குத் தக்க தூரம் மட்டும் பறந்துவிட்டு வாருங்கள்.